மண் பாதையில் போகிறவர் யார்? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய ஒரு குடும்பம்: நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாகனப் பராமரிப்புத் துறையில் இருப்பவன். வண்டி பார்க்கத் துணைக்கு வரச் சொன்னார்கள். தொடக்கம் முதல் உடன் இருந்தேன்.

பின்னணி

டர்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் உள்ள டொங்காட்டில் இவர்களின் வீடு. கணவர் டர்பனின் ரிவர்ஹார்ஸ் வேலி பகுதியில் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். மனைவி மேற்கே என்ட்வெட்வே மலைப்பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்பது வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயார் உடன் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ஆயா, அதாவது பாட்டி. முழங்கால் தேய்ந்ததால் படியேறச் சிரமப்படுகிறவர். டர்பனில் உள்ள மருத்துவமனைக்கு அவரை மாதந்தோறும் அழைத்துப் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் எல்லோருமாக என்3 நெடுஞ்சாலை வழியாக லேடிஸ்மித்தில் உள்ள மனைவியின் பெற்றோர் வீட்டுக்குப் போவது வழக்கம்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற இந்த வீட்டில் ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார் மட்டுமே இருந்தது. கணவர் அலுவலகப் பேருந்தில் போனார், மனைவி காரை எடுத்துக்கொண்டார். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழை, டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. டொங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்குப் போகும் பாதையில் இருந்த ஒரு மதகும் அந்த மழையில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இடத்தை மண் கொட்டி மூடினார்கள். மழை பெய்தால் அந்த மேடு செங்களியாகிவிடும். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சிறிய கார் அதில் ஏற முடியாமல் வழுக்கிப் பின்னால் வரும். பல நாட்கள் அந்த ஆசிரியை தார்ச்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்குப் போனார். 2023-இல் கணவரின் அலுவலகப் பேருந்தும் நின்றது. இரண்டாவது வண்டி இல்லாமல் முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் என்னிடம் பேசினார்கள்.

முதலில் இருந்த திட்டம்

கணவரின் திட்டம் மிகத் தெளிவாக இருந்தது. 2016-க்குப் பிந்தைய டொயோட்டா ஃபார்ச்சூனர், 2.8 டீசல், ஃபோர் வீல் டிரைவ், ஏழு இருக்கை. டர்பன் ப்ராஸ்பெக்டனில் உள்ள ஆலையிலேயே தயாராகும் வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கோ மெக்கானிக்குக்கோ பஞ்சமில்லை; விற்றால் நல்ல விலையும் போகும். இவை எல்லாம் உண்மை. அதில் அவர் என்2 நெடுஞ்சாலை வழியாக அலுவலகம் போவார், மனைவி வழக்கம்போல ஹேட்ச்பேக்கில் பள்ளிக்குப் போவார், வார இறுதியிலும் விடுமுறையிலும் குடும்பம் முழுவதும் பெரிய வண்டியில் போகும்.

நான் கேட்டது ஒரே கேள்வி: மண் பாதையில் போகிறவர் யார்? அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டாகச் சேற்றில் நடந்தவர் அவர். அலுவலகத்துக்குப் போகிறவருக்கு முழுக்கத் தார்ச்சாலை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அங்கே ஒரு வேலையும் இல்லாமல் எடையைச் சுமந்துகொண்டு ஓடும்.

அன்று இரவே திட்டம் மாறியது. நாள்தோறும் போக வர நீண்ட தூரம் ஓடும் என்2 பயணத்துக்கு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஹேட்ச்பேக்கை வைத்துக்கொள்வது, பள்ளிக்குப் போகும் குறுகிய தூரத்துக்குப் புதிதாக வாங்கும் வண்டி. இந்த மாற்றத்தால் பணக் கணக்கும் மாறிவிட்டது. 2023 அக்டோபரில் கடற்கரைப் பகுதியில் 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 25 ராண்ட். அதிகம் குடிக்கும் வண்டி நீண்ட தூரம் ஓடினால் குடும்பம் தாங்காது. குறைந்த தூரம் ஓடினால் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும் சமாளிக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் எது

வண்டி பார்க்கப் போவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மழையில் என்2-வில் வழுக்காமல் போகலாம் என்பதும் கணவர் ஃபார்ச்சூனரைக் கேட்டதற்கு ஒரு காரணம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

அந்தத் தலைமுறை ஃபார்ச்சூனரில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். திருகியைத் திருப்பி முன்சக்கரங்களைச் சேர்த்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகிறது. களியிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். பிடிப்புள்ள தார்ச்சாலையில் அது முடியாது. இறுக்கம் முழுவதும், முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். அதனால் தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. ஆக, மழை நாளில் என்2-வில் அந்த வண்டி வெறும் பின்சக்கர வண்டிதான்.

இன்னொரு வகையில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுப்பதால், எந்தச் சாலையிலும் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். களியில் சிக்கும்போது அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். பாதி தார், பாதி மண் என்று மாறி மாறிப் போகிறவருக்கு இதுவே ஏற்றது. எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்ற யோசனையே வேண்டாம். மூன்றாவது வகையில், முன்சக்கரம் வழுக்கும்போது மட்டும் கிளட்ச் வழியாகப் பின்சக்கரத்துக்கு இழுவை போகும். எடை குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனால் மெதுவாக, மிகுந்த இழுவையோடு ஓட்ட உதவும் தாழ்ந்த கியர் அமைப்பான லோ ரேஞ்ச் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

எந்த வகையானாலும் பிரேக் போட்டு நிறுத்துவதற்கு நான்கு சக்கர இழுவை உதவாது. அதற்கு டயரும் பிரேக்கும் நன்றாக இருக்க வேண்டும். வேகமும் குறைவாக இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் பெரிய வண்டி கொடுக்கும் துணிச்சலில் மழையில் வேகமாகப் போய் மோதியவர்களின் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வருகின்றன.

பார்த்த மூன்று வண்டிகள்

முதலாவது, கணவர் ஆசைப்பட்ட அதே ஃபார்ச்சூனர், ஒரு விற்பனைக் கூடத்தில். மேலே பளபளவென்று இருந்தது. பின்னால் இழுவைக் கொக்கியின் உருண்டை தேய்ந்து வெளுத்திருந்தது. அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். பின் அச்சுக்குப் பின்னால் சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) உட்புறம் துரு பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. முன்பாதி சுத்தமாக இருந்தது. பின்பாதி மட்டும் துருப்பிடித்திருந்தால், படகை இழுத்துக்கொண்டு உப்புத்தண்ணீருக்குள் பின்னோக்கிப் போன வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னாப்பிரிக்காவில் 2002 முதல் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை இருந்தாலும், அனுமதி பெற்ற படகுத் துறைகள் உண்டு. இந்தக் கரையோரத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன.

துருவைத் தவிர விலையும் தடையாக இருந்தது. குடும்பத்தின் கையிருப்பு ஒன்றரை லட்சம் ராண்டுக்குச் சற்று மேல். மீதிக்கு 72 மாதத் தவணை, கடைசியில் ஒரு பெருந்தொகை என்று விற்பனையாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 11.75 சதவீதம். மாதத் தவணை சிறியதாகத் தெரிவதற்காகக் கடைசிக்குத் தள்ளி வைக்கும் அந்தத் தொகை, வண்டி மிகவும் பழசாகி மதிப்பு இறங்கியிருக்கும் நாளில் முழுமையாக வந்து நிற்கும். காப்பீட்டுக்கு விசாரித்ததில், வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் ட்ராக்கர் கருவி கட்டாயம் என்றார்கள். கட்டணமும் இவர்கள் நினைத்ததைவிட மிகவும் கூடுதல்.

அன்று ஆயாவும் வந்திருந்தார். பக்கப் படியில் ஒரு காலை வைத்து, மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்து எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன் பின்னாலிருந்து தாங்கி ஏற்றினார். இறங்கிய பின், "ஒவ்வொரு தடவையும் நீ தூக்கிவிட வேண்டும் என்றால், நீ இல்லாத நாளில் நான் கோயிலுக்கு எப்படிப் போவேன், ஐயா?" என்று கேட்டார். மகனிடம் அதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது, 2016 ரெனோ டஸ்டர் ஃபோர் வீல் டிரைவ், 1.5 டீசல். மூன்றாவது வகை அமைப்பு. லோ ரேஞ்ச் இல்லை, ஆனால் முதல் கியரை மிகத் தாழ்வாக அமைத்திருப்பார்கள். தரையிலிருந்து நல்ல உயரம், ஏறி இறங்கவும் எளிது, டீசலும் குறைவாகக் குடிக்கும். தாளில் பார்த்தால் இவர்களுக்கு இதுவே மிகப் பொருத்தம். நானும் இதைத்தான் எதிர்பார்த்துப் போனேன்.

பின்னிருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தபோது, சாதாரணமாக வெளியே வராத கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. அதன் பிறகு தேடிப் பார்த்தோம். ஸ்டெப்னி இருக்கும் குழியின் மூலையில் காய்ந்த வண்டல். முன்னிருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒயர் இணைப்பு ஒன்றில் பச்சைக் களிம்பு. தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. வெள்ளத்தில் முங்கிய வண்டி. விற்றவர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம். பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிலைக்குறி 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி. சேதமடைந்து மீண்டும் கட்டியெழுப்பிய வண்டிக்கு 3 என்று வரவேண்டும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டிகள் எல்லாம் 3 ஆகிவிடுவதில்லை, 2 ஆகவே கைமாறுகிறவையும் உண்டு. இதனால்தான் தாளை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வெள்ளத்தில் நின்ற வண்டியின் மின்சுற்று இன்று ஓடும், ஒரு வருடம் கழித்து மழையிரவில் என்2-வின் நடுவே நிற்கும். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அந்த ஆபத்து வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டோம்.

மூன்றாவது, 2013 சுசுகி கிராண்ட் விட்டாரா, 2.4 பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். அருகிலுள்ள வெருலம் ஊரில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. இந்த வண்டியில் நடு டிஃபரென்ஷியல் உண்டு. எப்போதும் நான்கு சக்கர இழுவை. பூட்டும் வசதியும் லோ ரேஞ்சும் உண்டு. இந்த அளவு வண்டிகளில் இவை எல்லாம் ஒன்றாக அமைவது அரிது. குறை, பெட்ரோல் தாகம். மூன்றாவது வரிசை இருக்கையும் இல்லை.

கிராண்ட் விட்டாராவைச் சோதித்த விதம்

காலையில் வருகிறோம், அதுவரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டேன். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சில விநாடிகள் சலசலக்கும். சூடான பிறகு அடங்கிவிடும். பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. கிளப்பியபோது சத்தம் இல்லை.

முன் டிஃபரென்ஷியலின் ஓரத்தில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. வடிதிருகைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தோம்; ஆயில் கறுத்திருந்ததே தவிர பால்போல் வெளுக்கவில்லை, ஆகவே தண்ணீர் புகவில்லை. சீல் மாற்றினால் போதும். சேசிஸில் மேலோட்டமான துரு மட்டுமே.

ஓட்டிப் பார்க்கும்போது ஓட்டுநர் இருக்கையில் ஆசிரியையைத்தான் உட்கார வைத்தோம். அவர் கேட்டுக்கொண்டபடி, உரிமையாளரையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிப் பாதைக்கே போனோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மேட்டின் அடிவாரத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்சுக்கு மாற்றினார். டாஷ்போர்டில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. வண்டியை ஓரடி நகர்த்தி மறுபடி முயன்றார், மறுபடியும் மினுக்கல். சற்றுப் பொறுத்து, உள்ளே ஒரு தட்டல் சத்தத்துடன் விளக்கு நிலையாக எரிந்தது. உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து லோ ரேஞ்சைத் தொட்டதே இல்லையாம். பயன்படுத்தாமலே இருந்ததால் மாற்றும் மோட்டார் இறுகியிருந்தது. மேட்டில் ஏறும்போது சக்கரம் ஒருமுறை வழுக்கி மீண்டும் பிடித்தது. இறங்குவதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி: முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கியது. ஹேட்ச்பேக்கில் அதே இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி பக்கவாட்டில் நழுவியதை அவர் சொன்னார்.

பின்னிருக்கையின் மடிப்புக்குள் கையை விட்டு, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளைத் தேடிப் பார்த்தார், இருந்தன. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைக் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது 2015 முதல் இங்கே சட்டம். ஆயா யாருடைய கையையும் பிடிக்காமல், முதலில் உட்கார்ந்து பிறகு காலைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டார்.

முடிவும் தாள் வேலையும்

டிஃபரென்ஷியல் சீல், லோ ரேஞ்ச் மோட்டார், தேய்ந்த டயர்கள் ஆகிய மூன்றையும் எழுதிக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்டோம். உரிமையாளர் நேர்மையாகப் பேசி இறங்கி வந்தார். கடன் வாங்காமல் முடிந்தது.

தனியாரிடம் வாங்குவதில் ஒரு பாதுகாப்பு கிடைக்காது. விற்பனைக் கூடத்தில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதங்களுக்குப் பொருளின் தரத்துக்கு உத்தரவாதம் உண்டு. தொழிலாக விற்காத தனிநபருக்கு அது பொருந்தாது. வண்டியை உள்ளது உள்ளபடியே ஏற்க வேண்டும். தெரிந்த குறையை மறைத்து விற்றால் அவர் பொறுப்பாவார் என்றாலும், அதை நிரூபிப்பது எளிதல்ல. அதனால் கண்ட குறைகளையும், விபத்தோ வெள்ளமோ இல்லை என்ற அவருடைய கூற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

பதிவுச் சான்றிதழில் உடைமைப் பட்டத்தாரர் (டைட்டில் ஹோல்டர்), உரிமையாளர் என்று இரண்டு பெயர் இருக்கும். கடன் பாக்கி இருந்தால் முதல் இடத்தில் வங்கியின் பெயர் நிற்கும். இங்கே இரண்டிலும் விற்பவர் பெயரே இருந்தது. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டோம். 2012 செப்டம்பருக்குப் பிறகு முதல் பதிவான வண்டி என்பதால் மைக்ரோடாட் (வண்டியின் அடையாள எண் பொறித்த நுண்ணிய புள்ளிகள்) இருக்க வேண்டும், இருந்தது. சாலைத் தகுதிச் சான்றிதழ் எடுத்து, 21 நாள் கெடுவுக்குள் பெயர் மாற்றினார்கள். தகுதிச் சான்றிதழ் 60 நாட்களுக்கே செல்லும் என்பதால், வண்டியை முடிவு செய்த பிறகு எடுப்பதே நல்லது.

பின்னர் நடந்தவை

சீல் மாற்றி, இரண்டு டிஃபரென்ஷியல்களிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் மாற்றினோம். லோ ரேஞ்ச் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் சரியானது. மாதம் ஒருமுறையாவது லோ ரேஞ்சைப் போட்டு எடுக்கச் சொன்னேன். களிமண்ணுக்கு ஏற்ற, தார்ச்சாலையிலும் ஓடக்கூடிய ஆல்-டெரெய்ன் டயர்கள் நான்கு போட்டார்கள்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஆசிரியை நடக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் மட்டும் மதகு இருந்த இடத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் திரும்பி வந்துவிட்டார். சரியான முடிவு. ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர், எத்தனை சக்கரம் இழுத்தாலும் இப்படிப்பட்ட வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்ரோல் நூறு கி.மீ.க்குப் பதினொரு லிட்டருக்குச் சற்று மேல் ஆகிறது, எதிர்பார்த்ததுதான்.

2024 ஜூன் 3 அன்று டொங்காட்டைச் சூறாவளிச் சுழல் தாக்கியது. இவர்கள் வீடு தப்பியது, உறவினர் வீட்டின் கூரை போய்விட்டது. அவர்களுக்குச் சாப்பாடும் போர்வையும் கொண்டுபோன வழியில், சாலையில் கிடந்த கூரைத் தகடு பின் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தது. பக்கச்சுவரில் ஒட்டுப்போட முடியாது. ஸ்டெப்னி, வண்டியோடு வந்த பழைய டயர். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது. அதைப் போட்டு மெதுவாக வீடு வந்தார்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால், சுற்றளவு வித்தியாசத்தால் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும். அதே தயாரிப்பில், அதே வார்ப்பில் இரண்டு டயர்கள் வாங்கி ஒரே அச்சில் போட்டோம். எஞ்சிய மூன்றில் இரண்டு மற்ற அச்சுக்கு, ஒன்று ஸ்டெப்னிக்கு. தேய்மான வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் அளவே இருந்ததால் இது தாங்கியது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

தொடக்கத்திலேயே ஐந்து டயர்களாக வாங்கி, ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுழற்சியில் மாற்றி வர வேண்டும். இவர்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். காப்பீட்டுக் கட்டணத்தை, வண்டியை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். ஃபார்ச்சூனர் ஆசையில் வீணான வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

லேடிஸ்மித் தாத்தாவும் பாட்டியும் வந்து தங்கும்போது எல்லோரும் ஒரே வண்டியில் போக முடிவதில்லை. இரண்டு கார்களில் போகிறார்கள். ஏழு இருக்கை இல்லாததன் விலை அது. தெரிந்தே ஏற்றார்கள்.

அதே பள்ளியில் வேலை செய்யும் இரண்டு ஆசிரியைகள் இப்போது இந்த வண்டியில் வருகிறார்கள், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பயணிகளிடம் பணம் வாங்குவதைக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக ஏற்பதில்லை. செலவுப் பகிர்வு அதில் அடங்குமா என்பதை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். மின்னஞ்சலில் கேட்டு, பிரச்சினை இல்லை என்ற பதிலைப் பெற்றுவிட்டார்கள்.